உபதேசியார்: சேரியின் முதல் சீடர்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குக் கிராமங்களில் நடந்த கிறிஸ்தவ ஊழியத்தையும் சீடத்துவத்தையும் பொருளாக எடுத்தபோது சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். தலித் இலக்கிய மேடையில் ஞானோபதேச வகுப்பா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த அய்யா ஓர் உபதேசியாரின் மகன். பிற்காலத்தில் கோயில் பக்கம் போகாதவர். அப்படிப்பட்டவரே, தன் தகப்பனார் சேரிப் பிள்ளைகளுக்கு மணலில் விரல்பிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த கதையை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. அந்தக் கதைக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தத் தலைப்பு.

செட்டிநாட்டின் வரலாறு என்றால் இன்று வண்டி வண்டியாக வந்து இறங்குபவர்களுக்குக் காட்டப்படுவது பெரிய வீடுகள். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முகப்பு, வளவு, பட்டாலை எல்லாம் விளக்கிச் சொல்கிறார்கள். தேக்குத் தூணைச் சுமந்து நிறுத்தியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வழிகாட்டியும் அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவதில்லை. புதுவயலைச் சுற்றி, சாக்கோட்டை, கண்டனூர், கோட்டையூர், தெற்கே தேவகோட்டை வரையிலும் அந்தத் தெருக்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதில் அடிக்கடி தலைகாட்டுகிற ஒரு மனிதர் உபதேசியார்.

இளைய தோழர்களில் பலருக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இருவருமே பயன்படுத்திய சொல் அது. குருவானவர் ஆண்டுக்கு ஒருசில முறை குதிரையிலோ மாட்டுவண்டியிலோ வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஊரில் கிடந்தவர் உபதேசியார். குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் செபம் சொல்வது, சாகக் கிடக்கும் பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, பிணத்தை எடுத்துப் புதைப்பது அவர் வேலை. கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்தோ ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் அவர்தான். கைநாட்டு வைக்கும் முன் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்வார். தாசில்தாருக்கு மனு எழுதுவார். களத்தில் மரக்கால் சரியாக அளக்கப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். பண்ணையாருக்கு அவர்மேல் ஏன் கோபம் வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மிஷனரி வரலாறு நம்மிடம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. திருச்சபை சொல்வதில் வெள்ளைக்காரக் குரு நாயகன்; சேரி மக்கள் அவர் கைபட்டுக் கண் திறந்தவர்கள். மறுபக்கத்தில் மதமாற்றத் தடையைக் கேட்பவர்கள் சொல்வதில் வெள்ளைக்காரர் வில்லன். சேரி மக்கள் ஒருபிடி அரிசிக்கு விலைபோனவர்கள். ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏச்சு அப்படித்தான் வந்தது. ஊரெல்லாம் தின்கிற அரிசியை அவித்துக் காயவைத்துத் தருகிற மக்களைப் பார்த்து இந்த ஏச்சு! இரண்டு கதையிலும் சேரி மக்கள் யோசிப்பதில்லை, முடிவெடுப்பதில்லை. இதைத்தான் நாம் மறுக்கிறோம்.

அரிசிக் கதைக்கு ஒரே ஒரு சம்பவத்தைப் பதிலாகச் சொல்லலாம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சம் நமக்குத் தெரியும். அப்போது ஆந்திரத்தின் ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனரி, பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். பஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதை அவர் நிறுத்திவைத்தார், சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு எழக்கூடாது என்று. இனி நிவாரணப் பணம் இல்லை என்று அறிவித்த பிறகும் கூட்டம் கலையவில்லை. 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர்கள், தோல் தொழில் செய்தவர்கள். அவர்களிடம் முதலில் போய்ப் பேசியது கிளவ் அல்ல. எர்ரகுண்ட்ல பெரியா என்ற மாதிகர், கிளவ் ஓங்கோலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே கேள்விப்பட்டுத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டு, தன் மக்களிடம் ஊர் ஊராக நடந்தவர். நூல்களில் கிளவின் பெயர் அட்டையில் இருக்கிறது. பெரியா உள்ளே ஓர் அத்தியாயத்தில் இருக்கிறார்.

இன்னும் பின்னால் போவோம். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் வந்தார்கள். அங்கே அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று 1720களில் தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்த ஒரு பறையர் கையில் கிடைத்தது. கத்தோலிக்கராகப் பிறந்தவர், பெயர் இராஜநாயக்கன். கவனியுங்கள், 1720களில் சேரியில் பிறந்த சிப்பாய் ஒருவர் புத்தகம் வாங்கிப் படிக்கிறார். எழுத்தறிவை வெள்ளையர் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்ற கதைக்கு இந்த ஒரு மனிதர் போதும் பதில் சொல்ல. அவர் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். தஞ்சைப் பகுதி ஊர்களில் சபைகள் வளர்ந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. அடியும் மிரட்டலும் வாங்கியிருக்கிறார்.

1733இல் ஆரோன் என்ற வேளாளர் லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழரானார். அடுத்த குருப்பட்டத்துக்கு இராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. தகுதியில் குறை சொல்ல மிஷனரிகளால் முடியவில்லை. ஆனால் ஒரு பறையர் கையால் அப்பமும் இரசமும் வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1741இல் குருப்பட்டம் டியோகோ என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார். நற்செய்தி சொல்ல அவர் வாய் வேண்டும். நற்கருணை கொடுக்க அவர் கை ஆகாது. அதற்குப் பின் இந்த நாட்டில் கிராம ஊழியம் நடந்த விதம் முழுவதும் இந்த ஒரு தீர்மானத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது நம் வாசிப்பு.

இது தமிழ்நாட்டு நோய் மட்டும்தானா என்று கேட்பவர்கள் ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். அந்தக் கண்டத்தின் கிராமங்களிலும் சுவிசேஷத்தைச் சுமந்து நடந்தவர்களில் பெரும்பகுதி உள்ளூர் உபதேசியார்கள்தான். சாமுவேல் அஜாயி கிரௌதர் யொருபா இனத்தவர். சிறுவயதில் அடிமையாகப் பிடித்து விற்கப்பட்டு, கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர். 1864இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானார். நைஜர் ஆற்றங்கரை ஊர்களில் ஆப்பிரிக்க ஊழியர்களை வைத்தே பணி நடத்தினார். 1890 வாக்கில் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்கள் அவருடைய ஊழியர்களை நீக்கி, முதியவரை அவமதித்து ஒதுக்கினார்கள். 1891இன் கடைசி நாளில் அவர் இறந்தார். அவர் இடத்துக்கு வெள்ளைக்காரர் வந்தார். அங்கே நிறம், இங்கே சாதி. ஒரு வித்தியாசம் உண்டு. கிரௌதருக்கு எதிராக நின்றவர்கள் கடல்தாண்டி வந்தவர்கள். இராஜநாயக்கனுக்கு எதிராக நின்றவர்கள் அதே கோயிலில் அதே மொழியில் செபம் சொன்னவர்கள்.

நம் சீமைக்கு வருவோம். மறவ நாட்டில் ஊழியம் என்றால் எல்லாரும் ஓரியூரைச் சொல்வார்கள். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் சேதுபதியின் ஆட்சியில் ஜான் தெ பிரிட்டோ, நம் மக்கள் வாயில் அருளானந்தர், அங்கே தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. தடியத்தேவன் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டதால் வந்த வினை என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது. அரசகுலக் கதை. பிரிட்டோ பண்டாரசாமி வேடத்தில் இருந்தவர் என்பதை அந்தக் கதை அழுத்திச் சொல்வதில்லை. நோபிலி காலத்துக்குப் பின் இயேசு சபையார் சாதிக்குத் தக்கபடி குருக்களையே பிரித்து வைத்தார்கள்: மேல்சாதிக்குப் பிராமண சந்நியாசி, மற்றவர்க்குப் பண்டாரசாமி. பண்டாரசாமிகள் சேரி மக்களிடம் பழக முடிந்தது. 1686இல் பிரிட்டோ மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தபோது அவருடன் உபதேசியார்களும் அடிபட்டார்கள். சிவந்த மணலை எடுத்து நெற்றியில் பூசுகிறோம். அந்த உபதேசியார்களுக்குச் சொரூபம் இல்லை.

இந்த மண்ணில் எழுத்தறிவு என்ன பொருள் தந்தது என்பதைச் சாதிக்காரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1931 குடிமதிப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், இந்தப் புதுவயலும் அடங்கிய மாவட்டத்தில், 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை பனியன் கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மக்கள் கேட்கவில்லை. குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடை பதினொன்றாக வந்தது. அந்தப் பட்டியலை மாணவர்கள் தேடி எடுத்து முழுதாகப் படிக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக்கூடாது. சொந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

முதல் பட்டியல் உடம்பைப் பற்றியது. இரண்டாவதில் பள்ளிக்கூடமும் நிலமும் சேர்ந்துவிட்டன. ஆறு மாதத்தில் அவர்களுக்கு ஏதோ புரிந்திருக்கிறது. சட்டை போட்டவனை அடித்துக் கழற்றிவிடலாம். படித்தவன் தலையிலிருந்து எழுத்தைக் கழற்ற முடியாது. இராப்பள்ளிக்கூடம் நடத்திய உபதேசியாரும், கிராமப் பள்ளி வைத்த மிஷன்களும், ஆதிதிராவிட இயக்கத்தாரும், தன் பிள்ளையை மாட்டிடமிருந்து பிரித்து அனுப்பிய தாயும் சேர்ந்துதான் அந்தப் பயத்தை உண்டாக்கினார்கள். எந்த ஒருவருக்கும் முழுப் பெருமையை நாம் கொடுக்கப்போவதில்லை.

இங்கே சீடத்துவம் என்ற சொல்லுக்கு வருகிறோம். சீர்திருத்த சபையார் சீஷர் என்பார்கள், கத்தோலிக்கர் சீடர் என்பார்கள். இரண்டுக்கும் பொருள் கற்றுக்கொள்பவர். மத்தேயு சுவிசேஷத்தின் கடைசியில் உயிர்த்த இயேசு கொடுக்கும் கட்டளைதான் உலகெங்கும் மிஷனரிப் பணிக்கு ஆதாரம். நம் ஊர்க் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்த பழைய தமிழ் வேதாகமத்தில், அந்தக் கட்டளையில் உலக மக்கள் இனங்களைக் குறிக்க வரும் சொல் ‘ஜாதிகள்’. மொழிபெயர்த்தவர்கள் நம் சாதியை மனத்தில் வைத்து எழுதவில்லைதான். பிற்காலப் பொது மொழிபெயர்ப்பில் ‘மக்களினத்தார்’ என்று மாறிவிட்டது. ஆனாலும் ஊழியம் நடந்த விதத்தைப் பார்த்தால் பழைய சொல்லே பொருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு ஜாதியாகப் போனார்கள், ஜாதி ஜாதியாகச் சேர்த்தார்கள், ஜாதியை ஜாதியாகவே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சீஷர் என்ற சொல்லைச் சேரி பிடித்துக்கொண்டது. கற்றுக்கொள்ள உரிமை உண்டு என்று ஒரு வேதமே சொல்கிறது என்றால், வேதத்தைக் கேட்டாலே தண்டனை என்றிருந்த நாட்டில் அதைவிடப் பெரிய நற்செய்தி எது?

திருச்சபைக்குள் எதிர்ப்பே இல்லை என்று சொல்லமாட்டோம். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கோயிலை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். பெரும் புலவர் வேதநாயக சாஸ்திரியார் அவர்கள் பக்கம் நின்று எழுதினார். மதுரையில் 1834 முதல் பணி செய்த அமெரிக்கன் மிஷன், 1847இல் தன் ஊழியர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உபதேசியார்களில் பலர் வேலையை விட்டாலும் விடுவோம், பந்தியில் உட்காரமாட்டோம் என்று போய்விட்டார்கள். உபதேசியார் எல்லாரும் நம்மவர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறோம். வாயில் வேதம் இருந்தாலும் கையில் சாதி இருந்த உபதேசியார்களும் உண்டு.

வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில் இரண்டு சாதிக்கும் இரண்டு கால் போல இரண்டு பக்கம் கட்டினார்கள், நடுவே சுவர். அந்தச் சுவர் 1910இல்தான் இடிந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சமத்துவம் கேட்டபோது என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர். உயிர்ப்பை நம்புகிறவர்கள் கல்லறைக்குள் எதற்குச் சுவர் வைக்கிறார்கள்? உயிர்த்தெழும்போது கலந்துவிடக் கூடாது என்பதற்காகவா?

கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் விடுதலைக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. காகிதத்துக்கு நன்றி. நிறைவேற்றத்தைத்தான் கேட்கிறோம்.

சபைக்குள் இப்படி, சட்டத்தில் இன்னொரு விதம். 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, தன்னைப்போன்ற இந்து ஆதிதிராவிடருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று 1985இல் தீர்ப்பானது. அவர் உட்கார்ந்து தைத்த நடைபாதையே சான்றுதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தடையை நீக்கச் சொன்னது, 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஊரில் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டும்போது மதம் கேட்டுவிட்டுத் திட்டுவதில்லை; வன்கொடுமை வழக்குப் போடப் போனால் மட்டும் மதம் கேட்கிறார்கள். இதனால் இரண்டு பெயர் வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. அவர்களை ஏமாற்றுக்காரர் என்பவர்கள், ஏமாற்றியது யார் என்று திரும்பிப் பார்க்கட்டும்.

அம்பேத்கர் மிஷனரிகளைப் பற்றி எழுதியபோது, கல்வியும் மருத்துவமும் கொடுத்தார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே, தீண்டப்படாத கிறிஸ்தவரின் உலகியல் உரிமைக்காக அவர்கள் போராடவில்லை என்று குற்றம் சாட்டினார். மதம் மாறியவர்களும் போராட்டத்தை மறந்து ஆறுதலில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றார். கசப்பான கணிப்பு. நாம் அதோடு ஒன்றைச் சேர்ப்போம்: செங்கற்பட்டு மாவட்டத்துப் பறையர் நிலை பற்றிய திரெமென்ஹீர் அறிக்கைக்கும், 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கிய அரசாணைக்கும் பின்னால் அங்கிருந்த மிஷனரிகளின் குரலும் இருந்தது. போராடியவர்களும் இருந்தார்கள், கொஞ்சப் பேர்.

பெண்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், நேரம் இல்லை. வேதாகம ஸ்திரீ என்று அழைக்கப்பட்ட பெண்கள் கையில் புத்தகத்தோடு வீடு வீடாக நடந்தார்கள். பெண்ணொருத்தி புத்தகத்தோடு தெருவில் நடப்பதே அன்றைக்கு ஒரு பிரசங்கம். அவர்களின் பேத்திகள் காலத்தில் 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. கன்னியர் மடத்துக்குள் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் நூல். மதுரையில் இயேசு சபையார் நடத்திய ஆய்வு மையம்தான் அதை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளும் ஒரு விரிசல் எப்போதும் உண்டு என்பதற்கு அது அடையாளம். அதே மதுரையில் இறையியல் கல்லூரி ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் அவருக்கு இறையியலின் தொடக்கம். 1847இல் பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர்களுக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம் பக்கத்திலிருந்து போன பதில் அது.

இன்று தமிழ்நாட்டிலிருந்து மிஷனரிகள் வெளியே போகிறார்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதே ஆண்டில் தெலுங்குப் பாப்டிஸ்ட் சபையார் தங்கள் காசில் ஜான் ரங்கையாவை நேட்டாலின் கரும்புத் தோட்டக் கூலிகளிடம் அனுப்பினார்கள். ஆப்பிரிக்க மண்ணில் நம் கூலி மக்களுக்கு நம் பக்கத்து மனிதரே ஊழியராகப் போனார். 1959இல் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு வட இந்தியப் பழங்குடி ஊர்களில் வேலை செய்கிறது. தமிழ்க் குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசமாட்டோம். ஒன்றை மட்டும் கேட்கிறோம். அந்த மக்களைச் சீடராக்கும் முன், சொந்த ஊர்ச் சேரியிடம் நீங்கள் சீடராக உட்கார்ந்ததுண்டா? அனுப்பிவைக்கும் சபையில் திருமணம் எந்தச் சாதிக்குள் நடக்கிறது?

கடைசியாக, மன்றம் எடுத்திருக்கும் வேலை. செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகத்திலும், ஜெர்மனியில் ஹாலே நகரத்திலும், ஹார்வர்டில் இருக்கும் அமெரிக்கன் போர்டு தாள்களிலும் உபதேசியார்களின் தடயங்கள் உள்ளன. அங்கெல்லாம் போகிறவர்கள் போகட்டும். நமக்குப் பக்கத்திலேயே ஞானஸ்நானப் பதிவேடுகள், பெட்டிக்கடியில் கிடக்கும் நோட்டுப் புத்தகங்கள், பாட்டிகளின் ஞாபகம் மூன்றும் இருக்கின்றன. மூன்றாவதற்கு ஆயுள் குறைவு. மாணவர்கள் இருவர் இருவராக ஊர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேளுங்கள். உபதேசியாரின் பெயர் என்ன, எந்தச் சாதி, யாரிடம் எழுத்துக் கற்றார், எவ்வளவு சம்பளம், இராப்பள்ளிக்கூடம் யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது, மண்ணெண்ணெய் யார் கொடுத்தது, எந்தெந்தப் பிள்ளைகள் வந்தார்கள், பெண்பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வருஷம் நின்றுபோனது, நிறுத்தியது யார் என்று கேளுங்கள். அவரை எங்கே புதைத்தார்கள், சுவருக்கு எந்தப் பக்கம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படிவம் வாசலில் இருக்கும் தோழரிடம் இருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் அம்மாமார்களிடமே இன்று தொடங்கலாம்.